வானத்துக் கதிருக்கு விலாசம் தேடிய கதை

போன வாரம் ஒரு அம்மா நாலு வயசுப் பையனோட வந்திருந்தாங்க. ரெண்டு வாரமா விடாத இருமல். நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துடலாம்னு எழுதிக் கொடுத்தேன். சீட்டை வாங்கிட்டு எழுந்தவங்க மறுபடி உட்கார்ந்து, "இந்தக் கதிர்வீச்சு பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணிடாதுல்ல டாக்டர்?"னு கேட்டாங்க.

"இதைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு வருஷா வருஷம் வானத்திலிருந்தே அவன் மேல விழுந்துட்டுதான்மா இருக்கு"ன்னு சொன்னேன். ஆறுதலா இருக்கும்னு நினைச்சு சொன்னது. ஆனா அவங்க முகத்தில் பயம் கூடிருச்சு. "வானத்துல இருந்தா? எங்கிருந்து டாக்டர் வருது?"

வெளியே இருபது பேர் டோக்கனோட காத்திருந்தாங்க. பதில் சொல்ல நேரமில்லை. உண்மையைச் சொன்னா, அந்த "எங்கிருந்து"க்குப் பதில் தேடி விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கு மேல அலைஞ்சிருக்காங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீயோட வந்து உட்காருங்க.

முதல்ல அளவைச் சொல்லிடறேன். விண்வெளியிலிருந்து நம் மேல் விழும் கதிர்வீச்சு உலக சராசரியில் ஆண்டுக்கு சுமார் 0.4 மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1-க்கும் கீழே. உள்ளங்கையை விரிச்சு நீட்டுங்க. ஏறத்தாழ விநாடிக்கு ஒரு மியூவான் அதைத் துளைச்சுட்டுப் போகுது. எலக்ட்ரானுக்குக் கனத்த அண்ணன் மாதிரி ஒரு துகள் அது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான்கள் வளிமண்டலத்தின் உச்சியில் காற்றணுக்களில் மோதிச் சிதறும்போது பிறக்கிற குட்டிகளில் ஒண்ணு. மோத வரும் அந்த மூலப் பார்ட்டிகளுக்குத்தான் காஸ்மிக் கதிர்கள் என்று பெயர்.

இது நமக்குத் தெரிய வந்ததே ஒரு சின்னத் தொல்லையால்தான். மின்காட்டி என்ற கருவிக்கு மின்னேற்றம் கொடுத்து இறுக்கி மூடி வைத்தாலும், அந்த மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்து போய்விடும். ஏதோ ஒரு கதிர்வீச்சு உள்ளே புகுந்து காற்றை அயனியாக்குகிறது. ரேடியம் கண்டுபிடிச்ச புதுசு. அதனால எல்லாரும் மண்ணைத்தான் சந்தேகப்பட்டாங்க. மண்ணிலிருந்து வருதுன்னா, உயரே போகப் போகக் குறையணும் இல்லையா? 1910-ல் தியோடோர் வுல்ஃப் என்ற பாதிரியார் தன் மின்காட்டியைத் தூக்கிக்கொண்டு ஈஃபிள் கோபுரத்து உச்சிக்கே போனார். எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. இத்தாலியில் டொமினிகோ பாச்சினி வேறு வழியில் போனார். கருவியைக் கடலுக்குள் இறக்கினார். தண்ணீருக்கு அடியில் கதிர்வீச்சு குறைந்தது. அப்போ மண்ணிலிருந்து இல்லை, மேலேயிருந்து ஏதோ வருது.

முடிவான டெஸ்ட்டைச் செய்தவர் ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ். 1912-ல் மட்டும் ஏழு முறை பலூனில் ஏறினார். ஏப்ரல் 17 அன்று சூரிய கிரகணத்தின்போது பறந்தார். சூரியன் மறைந்தபோதும் அளவு குறையவில்லை, ஆக முக்கியக் குற்றவாளி சூரியன் இல்லை. ஆகஸ்ட் 7 அன்று பொஹீமியாவின் அவுஸிக் ஊரிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் மூன்று மின்காட்டிகளோடு கிளம்பி 5,350 மீட்டர் வரை போனார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. மூளைக்குப் போகிற ஆக்சிஜன் குறைந்தால் கணக்கு தப்பும், கை தடுமாறும். அந்த நிலையில் உட்கார்ந்து ஊசி முனை நகர்வை வாசித்துக் குறித்திருக்கிறார் மனுஷன். மேலே கதிர்வீச்சு தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். 1936-ல் நோபல் பரிசு.

இடையில் ஒரு மருத்துவச் செய்தி. இதே ஹெஸ் 1921 முதல் 1923 வரை அமெரிக்காவில் ஒரு ரேடியம் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர். கடிகார முள்ளுக்கு ரேடியம் பெயின்ட் பூசி, தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அழுகிச் செத்த பெண்களைப் பற்றிப் படித்திருப்பீங்க. அவங்க வேலை பார்த்த கம்பெனிகளில் ஒன்றுதான் அது. ஹெஸ்ஸுக்கும் ரேடியம் சும்மா விடலை. தீப்புண்ணால் ஒரு கட்டைவிரலை எடுக்க வேண்டி வந்தது. கதிர்வீச்சை அளக்கப் போனவங்க எல்லாருமே உடம்பால ஏதோ ஒரு விலை கொடுத்த காலம்.

சரி, மேலேயிருந்து வருது. வர்றது என்ன?

அமெரிக்காவின் பெரிய தலை ராபர்ட் மில்லிகன், ஏற்கெனவே நோபல் வாங்கியவர், இது காமா கதிர்தான்னு அடிச்சுச் சொன்னார். விண்வெளியில் புது அணுக்கள் பிறக்கும்போது போடும் முதல் அழுகைன்னு வர்ணிச்சார். (பிரசவ வார்டு உவமை. எனக்குப் பிடிச்சது.) 1925-ல் "காஸ்மிக் கதிர்" என்ற பெயரை வைத்ததும் அவரே. ஆனா ஜேகப் க்ளே என்ற டச்சுக்காரர் ஜாவாவுக்கும் ஹாலந்துக்கும் கப்பலில் போகும்போது, நிலநடுக்கோட்டுப் பக்கம் கதிர்வீச்சு குறைவதைக் கவனித்திருந்தார். 1932-ல் ஆர்தர் காம்ப்டன் உலகம் முழுக்க ஆளனுப்பி அளந்து அதை உறுதி செய்தார். பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைக்கிறது. காமா கதிருக்கு மின்னேற்றம் கிடையாது, அது வளையாது. ஆக வருவது கதிரே இல்லை, மின்னேற்றம் உள்ள துகள். மில்லிகன் தோற்றார், அவர் வைத்த பேர் மட்டும் நின்னுபோச்சு.

இங்கேதான் பெரிய சிக்கல் ஆரம்பம். பூமியின் காந்தம் வளைக்கும்னா, நம் பால்வீதி முழுக்கப் பரவியிருக்கும் காந்தப்புலமும் வளைக்கும். அது ரொம்ப மெல்லிய காந்தம்தான், ஆனா பயண தூரம் அப்படி. மிக அதிக ஆற்றலுள்ள ஒரு புரோட்டான்கூட ஓர் ஒளியாண்டு அளவு ஆரத்தில் சுழன்று சுழன்று, மில்லியன் கணக்கான ஆண்டுகள் அலைந்து திரிந்துதான் நம்மிடம் வந்து சேர்கிறது. வந்து சேரும் திசைக்கும் கிளம்பிய ஊருக்கும் சம்பந்தமே இருக்காது. நினைவு தப்பின நிலையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கேஷுவாலிட்டியில் விட்டுட்டுப் போன நோயாளி மாதிரி. ஆள் எதிரே இருக்கார். பேரு? ஊரு? தெரியாது.

சந்தேகம் மட்டும் சீக்கிரமே ஒருத்தர் மேல் விழுந்தது. 1934-ல் வால்டர் பாடேவும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும், வெடித்துச் சிதறும் பெரிய நட்சத்திரங்களான சூப்பர்நோவாக்கள்தான் இந்தத் துகள்களை அனுப்புகின்றன என்றார்கள். கணக்கும் ஒத்துவந்தது. பால்வீதியில் நூற்றாண்டுக்கு இரண்டு மூன்று சூப்பர்நோவா. அந்த வெடிப்பு வேகத்தின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு துகள்களுக்குப் போனாலே நாம் பார்க்கும் மொத்தக் காஸ்மிக் கதிர்களுக்கும் போதும். எப்படி முடுக்கம் கிடைக்கிறது என்பதற்கு 1949-ல் என்ரிகோ ஃபெர்மி ஒரு வழி சொன்னார். 1970-களின் இறுதியில் பலர் அதை மெருகேற்றினார்கள். வெடிப்பின் அதிர்ச்சி அலைக்கு முன்னும் பின்னுமாகத் துகள் பந்து மாதிரி அடிபட்டு அடிபட்டு, ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் வேகம் கூடும் என்பது சாரம்.

அழகான தியரி. ஆனா சாட்சி?

சாட்சிக்கு வழி காட்டியது, மில்லிகன் தப்பான இடத்தில் வைத்த அதே காமா கதிர். வேகமான புரோட்டான், போகிற வழியில் வாயு மேகத்தில் மோதினால் நடுநிலைப் பையான் என்ற துகள் பிறக்கும். அதன் ஆயுளுக்கு முன்னால் கண்ணிமைக்கும் நேரமே ஒரு யுகம். பிறந்த உடனே இரண்டு காமா ஒளித்துகள்களாக உடைந்துவிடும். காமாவுக்கு மின்னேற்றம் இல்லை. வளையாது. கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் வரும். புரோட்டான் தன் ஊரை மறந்தாலும், அது அடிச்சுட்டு வந்த இடத்தின் விலாசம் காமாவில் இருக்கும். 1952-ல் ஜப்பானின் சட்சியோ ஹயகாவாவும், 1958-ல் பிலிப் மாரிசனும் இதை முன்வைத்தார்கள்.

சொல்றது சுலபம். வளிமண்டலம் காமாவை விழுங்கிவிடும், மேலே போய்த்தான் பார்க்கணும். 1961-ல் எக்ஸ்ப்ளோரர் 11 செயற்கைக்கோள் போனது. அது பிடித்த காமா மொத்தம் 22. அதே கருவியில் காஸ்மிக் துகள்களால் வந்த குறுக்கீடு சுமார் 22,000! தேடும் ஆளே கூட்டமா வந்து, அவன் விலாசச் சீட்டைத் தேட விடாம மறைச்ச கதை. 1967-ல் போன ஓஎஸ்ஓ 3 செயற்கைக்கோள் 621 பிடித்தது. அவை வானத்தில் பால்வீதிப் பட்டை நெடுகக் குவிந்திருந்தன. அங்கேதான் வாயுவும் அதிகம். ஹயகாவா சொன்ன திசையில் முதல் அடையாளம்.

இன்னும் அதிக ஆற்றலுள்ள காமா ரொம்ப அரிது. செயற்கைக்கோளின் சிறிய கருவியில் சிக்காது. அதுக்கு வளிமண்டலத்தையே கருவியாக்கினார்கள். அதிக ஆற்றல் காமா காற்றில் மோதினால் துகள் மழை உண்டாகும். அந்த மழை, விநாடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்கு ஒரு மங்கலான நீல ஒளியை வீசும். செரென்கோவ் ஒளி. 1952-ல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த்தும் ஜெல்லியும் அதை முதன்முதலில் பிடித்தபோது பயன்படுத்தியது என்ன தெரியுமா? ஒரு குப்பைத்தொட்டி. அதனடியில் ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு ஒளி உணரிக் குழாய். அவ்வளவுதான். நம்ம ஊட்டியிலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 1960-களின் இறுதியிலிருந்து பழைய தேடுவிளக்குக் கண்ணாடிகளை வைத்து இதே வேலையைச் செய்தாங்க. ஊட்டின்னா நமக்கு போட் ஹவுஸும் வர்க்கியும்தான் ஞாபகம் வரும்!

கஷ்டம் என்னன்னா, காஸ்மிக் துகள்களும் இதே நீல ஒளியைத்தான் உண்டாக்கும், காமாவைவிட ஆயிரம் மடங்கு அதிகமாக. ஆயிரம் பேரில் ஒருத்தருக்குத்தான் நோய் இருக்கிற ஊரில், கொஞ்சம் சுமாரான டெஸ்ட்டை வைத்து எல்லாரையும் பரிசோதித்தால் என்ன ஆகும்? பாசிட்டிவ் வருகிறவர்களில் பெரும்பாலானோர் நோயில்லாதவர்களாக இருப்பார்கள். எம்பிபிஎஸ் ரெண்டாம், மூணாம் வருஷத்துலயே படிக்கிற பாடம்.

அதேதான் நடந்தது. 1983-ல் ஜெர்மனியின் கீல் குழு, சிக்னஸ் எக்ஸ் 3 என்ற இரட்டை நட்சத்திரத்திலிருந்து பயங்கர ஆற்றலுள்ள காமா வருதுன்னு அறிவித்தது. உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. ஆளாளுக்கு எங்களுக்கும் தெரியுதுன்னு பேப்பர் போட்டாங்க. ஒரு நெருடல் மட்டும் இருந்தது. காமா உண்டாக்கும் துகள் மழையில் மியூவான் குறைவா இருக்கணும், இதில் சாதாரண அளவுக்கு இருந்தது. டெஸ்ட் ரிசல்ட் நோயாளியோட ஒத்துப்போகலைன்னா என்ன செய்யணும்? டெஸ்ட்டைத் திரும்பப் பார்க்கணும். சிலர் அதை விட்டுட்டு, புதுசா ஒரு துகளையே கற்பனை பண்ணி அதுக்குப் பேரும் வச்சாங்க. பின்னாடி யூட்டாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணரிகளோட காசா மியா என்ற பெரிய அமைப்பு போட்டுப் பல வருஷம் பார்த்தாங்க. ஒண்ணுமே இல்லை. இந்தத் துறைக்காரங்க பேச்சை மத்தவங்க சந்தேகத்தோட கேட்க ஆரம்பிச்ச காலம் அது.

மீட்டெடுத்தவர்களில் எனக்குப் பிடிச்சவர் இங்கிலாந்தின் மைக்கேல் ஹில்லாஸ். காமா உண்டாக்கும் ஒளிக்கறை ஒல்லியான நீள்வட்டமா, மூலத்தை நோக்கி நீண்டிருக்கும். புரோட்டான் உண்டாக்குவது அகலமா, தாறுமாறா இருக்கும். இதை 1985-ல் கணக்கிட்டுச் சொன்னார். ஸ்லைடில் செல்லின் வடிவத்தைப் பார்த்தே நல்லதா கெட்டதான்னு பிரிக்கிற பெத்தாலஜிஸ்ட் மாதிரி. அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கியில் ட்ரெவர் வீக்ஸின் குழு இந்த வடிகட்டியைப் போட்டு, 1989-ல் நண்டு நெபுலாவிலிருந்து வரும் காமாவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது. 1054-ல் சீனர்கள் பார்த்துக் குறித்து வைத்த சூப்பர்நோவாவின் மிச்சம் அது.

சூப்பர்நோவா மிச்சம், காமாவும் வருது. கேஸ் முடிஞ்சுதா? இல்லீங்க. அங்கே காமாவை உண்டாக்குவது நடுவிலுள்ள பல்சார் துரத்திவிடும் எலக்ட்ரான்கள். எலக்ட்ரானும் சாதாரண ஒளியை இடித்து இடித்துக் காமா ஆக்கிவிடும். நாம் தேடுவது புரோட்டானை.

2002-ல் நமீபியாவின் மலைப்பகுதியில் புதிய தொலைநோக்கி வரிசை வந்தது. பலூன்காரரை நினைத்து ஹெஸ் என்றே பெயர். 2004-ல் ஆர்எக்ஸ் ஜே1713 என்ற சூப்பர்நோவா மிச்சத்தைக் காமாவிலேயே படமெடுத்தார்கள். வெடிப்பின் ஓடு வளையமாகத் தெரிந்தது. அதிர்ச்சி அலை இருக்கும் இடத்திலேயே காமா! பலர் வழக்கு முடிந்தது என்றே நினைத்தார்கள்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒருத்தர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும், பீடி பழக்கம், இருமல், எடை குறைவு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் மேல்பக்கம் ஒரு நிழல். டிபி என்று கேஸ் ஷீட்டில் எழுதிட்டேன், பெருமையாத்தான். சீஃப் ரவுண்ட்ஸில் வந்து ஒரே கேள்வி: "சளி பார்த்தியா?" பார்க்கலை. பார்த்தோம். கிருமி இல்லை. பயாப்ஸியில் புற்றுநோய். நான் எழுதின மாதிரியே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா எத்தனை மாசம் வீணாகியிருக்கும்னு இப்பவும் சில ராத்திரி நினைப்பு வரும். நிழல் இருக்கிற இடம் சரி. ஆனா அந்த நிழலை உண்டாக்கினது யாருன்னு நிழல் சொல்லாது.

ஆர்எக்ஸ் ஜே1713 கதையும் அப்படித்தான் திரும்பியது. 2008-ல் ஏவிய ஃபெர்மி செயற்கைக்கோள் அதைக் குறைந்த ஆற்றலில் அளந்தபோது, காமா நிறமாலை எலக்ட்ரான் பக்கம் சாய்ந்தது. இன்னும் அதில் பஞ்சாயத்து ஓடுது.

அப்போ புரோட்டானுக்கான பயாப்ஸி எது? பையானின் எடைதான். அது ஆற்றல் கணக்கில் 135 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். சரிபாதியாக உடைவதால் ஒவ்வொரு காமாவுக்கும் 67.5. (உங்க நெஞ்சு எக்ஸ்ரேயில் வரும் ஒளித்துகளைப்போல சுமார் ஆயிரம் மடங்கு.) பையானிலிருந்து வரும் காமா என்றால், 200 மில்லியனுக்குக் கீழே வரும்போது நிறமாலை செங்குத்தாகச் சரியணும். எலக்ட்ரான் உண்டாக்கும் காமா அந்த இடத்தில் அப்படிச் சரியாது. இந்தச் சரிவு இருந்தா, புரோட்டான் அங்கே இருந்தது என்று அர்த்தம். ஆனா அந்த ஆற்றல் பகுதியில்தான் காமா வந்த திசையைக் கணிப்பது மகா கஷ்டம். 2011-ல் இத்தாலியின் அகிலே செயற்கைக்கோள் டபிள்யூ 44 என்ற மிச்சத்தில் அதற்கான தடயத்தைக் காட்டியது. 2013 பிப்ரவரியில் ஃபெர்மி குழு, நான்கு ஆண்டுத் தரவுகளோடு, டபிள்யூ 44, ஐசி 443 இரண்டிலும் அந்தச் சரிவை அச்சு அசலாகக் காட்டியது. ஐசி 443 நமக்கு 5,000 ஒளியாண்டு தூரத்தில் மிதுன ராசியில் இருக்கிறது. இரண்டுமே அடர்ந்த வாயு மேகத்தில் போய் முட்டிக்கொண்டிருக்கும் வயதான மிச்சங்கள்.

1934-ல் சந்தேகம். 2013-ல் பயாப்ஸி. 79 வருஷம். பாடேவும் ஸ்விக்கியும் ஹயகாவாவும் அதைப் பார்க்க உயிரோட இல்லை.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா காஸ்மிக் கதிர்களில் 3,000 டெரா எலக்ட்ரான் வோல்ட் வரையிலான புரோட்டான்கள் பால்வீதியிலேயே தயாராகின்றன என்று கருதப்படுகிறது. ஜெனீவாவின் பெரிய மோதுவானில் ஓடும் புரோட்டானைப்போல நானூறு மடங்குக்கு மேல். சூப்பர்நோவா மிச்சங்களால் அவ்வளவு முடியுமா? 350 வயதுகூட ஆகாத, சின்னப் பிள்ளையான காசியோபியா ஏ-யை மேஜிக் தொலைநோக்கி அளந்து 2017-ல் வெளியிட்டபோது, காமா 3.5 டெராவைத் தாண்டியதுமே தேய்ந்துபோனது. ஒரு புரோட்டான் தன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத்தான் காமாவுக்குக் கொடுக்கும். அப்படிப் பார்த்தாலும் காசியோபியாவின் புரோட்டான்கள் சில பத்து டெராவைத் தாண்டலை. இது எங்கே, 3,000 எங்கே?

2021-ல் சீனாவின் சிச்சுவான் மலையில் 4,410 மீட்டர் உயரத்திலுள்ள லாசோ என்ற அமைப்பு, 100 டெராவுக்கு மேல் காமா அனுப்பும் 12 இடங்களைக் காட்டியது. மியூவான் குறைவான மழையைத் தனியே பிரித்தெடுக்கும் அதே உத்திதான். ஊட்டியிலுள்ள கிரேப்ஸ் 3-யும் அந்த உத்தியில்தான் இயங்குது. லாசோ பிடித்ததில் ஒரு ஒளித்துகளின் ஆற்றல் 1,400 டெரா. வந்த திசை? சிக்னஸ்! 1983-ல் எல்லாரும் ஏமாந்த அதே பக்கம். ஆனா இந்த முறை கைகாட்டப்படுவது சிக்னஸ் எக்ஸ் 3 இரட்டையர் இல்லை, அங்கே கூட்டமாகப் பிறந்து அனல் காற்றை வீசிக்கொண்டிருக்கும் ராட்சத நட்சத்திரக் குடும்பம். 2024-ல் அதைச் சுற்றி ஒரு பிரம்மாண்டமான காமாக் குமிழியையும் லாசோ குழு அறிவித்தது. சூப்பர்நோவாவாக வெடிக்கிறதுக்கு முன்னாடியே, உயிரோட இருக்கும்போதே நட்சத்திரங்கள் இந்த வேலையைச் செய்யுதோ என்பது இப்போதைய சூடான சந்தேகம். அந்த 12 இடங்களில் நண்டு நெபுலாவும் ஒண்ணு என்பதை மறந்துடாதீங்க. எலக்ட்ரானாலும் அவ்வளவு ஆற்றல் காமாவை உண்டாக்க முடியும். சளி பார்த்தாகணும்.

நம்ம பக்கமும் ஆள் இறங்கியாச்சு. லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஹெஸ் பலூனில் போன உயரத்துக்கு ஆயிரம் மீட்டர்தான் குறைவு.

அந்த அம்மா நேத்து எக்ஸ்ரேயோட வந்தாங்க. நுரையீரல் சுத்தமா இருக்கு, வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வர்ற இருமல்தான். மருந்து எழுதி முடிச்சதும், "அன்னைக்கு ஏதோ வானத்துல இருந்து வருதுன்னீங்களே"ன்னு ஆரம்பிச்சாங்க. நேத்து கூட்டம் கம்மி. ஐசி 443 வரைக்கும் சொன்னேன். பையன் உள்ளங்கையை விரிச்சு நீட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டிருந்தான்.